சட்டைப் பையில் கடையாணி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நானே யாரையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. கடையில் காய் வாங்கினால் வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பேன். ஒரு டாக்டர் காய்ச்சல் என்றால் இன்னொரு டாக்டரிடம் போய் அது காய்ச்சல்தானா என்று கேட்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, தானாக அடித்துக்கொள்ளும் ஜன்னல் என்று எழுதுகிறார்கள். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்று பத்துக்குத் தொடங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. நாயும் இல்லை, நரியும் இல்லை.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்பானர் பிடித்தவன். ஃபிட்டர். நீராவியில் ஓடுகிற எதுவாக இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இஷ்டப்பட்டுக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் கூப்பிடுவார்கள்.

அது ஒரு சோப்பு ஃபேக்டரி. ஒரு பெரிய பாய்லர். அதற்குத் தண்ணீர் தள்ள ஒரு நீராவி பம்பு. இன்னொரு பம்பு இருந்தது, மோட்டார் எரிந்து ஆறு மாசமாக ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. ஆக, இருந்தது இது ஒன்றுதான். இதற்கு அங்கே 'ரெட்டை' என்று பேர். இதைச் சரிபண்ணத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரெட்டை எப்படி ஓடும் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் பயந்தது உங்களுக்கு விளங்கும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். இடது ஒன்று, வலது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தலைமேல் ஒரு வால்வு. அந்த வால்வு முன்னே போனால் நீராவி ஒரு பக்கம் நுழையும், பின்னே வந்தால் மறுபக்கம் நுழையும். இதில் வேடிக்கை என்னவென்றால், இடது சிலிண்டர் தன் வால்வைத் தானே நகர்த்திக்கொள்ள முடியாது. வலதும் அப்படித்தான். இடது தண்டு ஓடி முடிக்கிறபோது ஒரு லிவரைத் தள்ளும். அந்த லிவர் வலதின் வால்வைத் திறக்கும். வலது ஓடி முடிக்கிறபோது இடதின் வால்வைத் திறக்கும். அவன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் இவன் கையில், இவன் வீட்டுத் தாழ்ப்பாள் அவன் கையில். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நீராவி இருக்கும்வரை தானாக ஓடிக்கொண்டே இருக்கும். டக்... டக்... டக்... டக்... என்று.

லிவரையும் வால்வுத் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு கடையாணி. சுண்டுவிரல் அளவு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதில் ஒன்று இல்லாவிட்டால் பம்பு இரண்டு தட்டுத் தட்டும். அப்புறம் நின்றுவிடும். அவ்வளவுதான் கதை.

பாய்லர்காரன் யார் தெரியுமா? என் பெண்ணைக் கட்டினவன். என்னைக் கேட்காமல் கட்டினவன். இரண்டு வருஷமாக அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். போன பிறகுதான் தெரிந்தது.

மணி ஒன்று பத்து. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். வயதானவர், ஒல்லியான ஆள். பாய்லர் ரூம் வாசல்வரை கூட வந்தார். உள்ளே வரவில்லை.

"விளக்கு வேணும்யா. உள்ள வந்து மாட்டிக் குடுங்க" என்றேன்.

"நீங்களே மாட்டிக்குங்க" என்று கையில் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்லருக்கு முன்னால் கரி கொட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான். மாப்பிள்ளை. அவனும் என்னைப் பார்த்தான். அப்புறம் அவன் வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னான்:

"ஆறு மணிக்கு சோப்பு காய்ச்சுற கொப்பரைக்கு ஸ்டீம் விடணும்னு வந்தவங்ககிட்ட சொல்லிடுங்க."

நானும் வாட்ச்மேனைப் பார்த்துத்தான் சொன்னேன்: "எனக்கு மணி பார்க்கத் தெரியும்னு இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க."

வாட்ச்மேன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் என்ன டெலிபோனா?" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

பம்பு இருந்தது பாய்லருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ரூமில். கதவு கிடையாது, வெறும் வாசல்தான். ஜன்னலும் கிடையாது. உள்ளே போனதும் ஒரு வாடை. நனைந்த சாக்கு லேசாகத் தீய்ந்தால் வருமே, அந்த வாடை.

வலது சிலிண்டரின் மேல் ஒரு கோணிச் சாக்கு மடித்து வைத்திருந்தது. எடுத்தேன். ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். அந்த ரூமில் சனிக்கிழமையிலிருந்து தண்ணீர்க் குழாய் எல்லாம் அடைத்துக் கிடந்தது. எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து மூலையில் வீசி எறிந்தேன்.

வேலையை ஆரம்பித்தேன். முதல் காரியமாக நீராவிக் குழாயின் வால்வை மூடி, என் சொந்தச் சங்கிலியைச் சுற்றி, என் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். நான் உள்ளே கை விட்டிருக்கும்போது எவனாவது திறந்துவிட்டால்? யாரையும் நம்பக் கூடாது.

அப்புறம் வலது பக்கத்துக் கடையாணியைக் கழற்றினேன். மற்ற ஃபிட்டர்கள் கழற்றினதை ஒரு தட்டில் வரிசையாக வைப்பார்கள். நான் வைக்க மாட்டேன். தட்டில் இருப்பதை எவனும் எடுப்பான். என் சட்டைப் பையில் இருப்பதை எவன் எடுப்பான்? கடையாணியைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷப் பழக்கம்.

வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, வால்வைத் தூக்கி, அதன் அடிப்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

மணி இரண்டு பதினைந்து.

டக்.

முதுகுப் பக்கம் கேட்டது. திரும்பினேன். ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்தேன். கண்ணுக்கு முன்னாலேயே வலதின் வால்வுத் தண்டு ஒரு விரல் அளவு உள்ளே போனது. மெதுவாக. போய் நின்றது.

சங்கிலியைப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. நீராவியே இல்லாத ஊரில் தண்டு எப்படி நகரும்? தண்டைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. எல்லா இடமும் இல்லை. கை பிடிக்கிற இடம் மட்டும்.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தூரத்தில் கரியைச் சலித்துக்கொண்டிருந்தான். இவன் வேலைதான் என்று எனக்குத் தோன்றியது. என்னைப் பயமுறுத்தி அனுப்பப் பார்க்கிறான். எப்படிச் செய்தான் என்று தெரியவில்லை, ஆனால் இவன்தான்.

திரும்பி வந்தேன். மணி இரண்டு ஐம்பது இருக்கும்.

சாக்கு மறுபடியும் சிலிண்டர் மேல் இருந்தது. மடித்து. அதே மடிப்பு.

சொட்... சொட்... என்று தரையில் தண்ணீர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பயம் அப்புறம் வந்தது, வட்டியும் முதலுமாக. சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினேன்.

"இது என்ன விளையாட்டு?"

"எது?"

"இந்தச் சாக்கு. யாரு ஈரம் பண்ணி வைக்கிறது?"

"நான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லைங்க. சாக்குக்கும் எனக்கும் என்ன?"

"உனக்குத்தான் அடுத்தவன் வீட்டுக்குள்ள சொல்லாம நுழையிற பழக்கம் உண்டே."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் கறுத்துவிட்டது.

"உங்க பொண்ணு மாசத்துக்கு ஒரு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பி வர்றா. அது தெரியுமா உங்களுக்கு? சாக்கு விசாரிக்க வந்துட்டீங்க."

பதில் வராதபோது மனுஷன் என்ன செய்வான்? கத்துவான். கத்தினேன். அவனும் கத்தினான். வெறும் கொட்டகையில் இரண்டு குரலும் முட்டி மோதின.

அந்தக் கோபத்தோடு உள்ளே போய் மிச்ச வேலையை முடித்தேன். வால்வை வைத்தேன். இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். மூடியைப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் உண்டு. இரண்டு வால்வையும் நடுவில் விட்டு மூடினால் நீராவிக்கு எந்தப் பக்கமும் வழி இருக்காது, பம்பு கிளம்பாது. அதனால் ஒன்றை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மூட வேண்டும். பாதிப் பேர் இதைத்தான் மறப்பார்கள். நான் மறக்கவில்லை. தள்ளிவிட்டேன். மூடினேன். நட்டுகளை முறுக்கினேன். சங்கிலியைக் கழற்றினேன். கையைத் துடைத்தேன். என்னைப் போல் வேலைக்காரன் உண்டா என்று ஒரு நினைப்பு வேறு.

மணி மூன்று நாற்பது. மாப்பிள்ளை நெருப்பு மூட்டிவிட்டான்.

கிளம்பும்போது அவன் தலையைத் திருப்பாமலே சொன்னான்: "ஸ்டீம் ஏறி பம்பு ஓடுதான்னு பார்த்துட்டுப் போனா நல்லது."

"நான் போட்டது ஓடும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, குளித்து, படுத்து, கொஞ்சம் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி ஆறு ஐம்பது. என் பெண்டாட்டி அழுக்குத் துணியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டங்.

"இதென்னங்க, சட்டையில இவ்வளவு கனம்? வீட்டுக்கு இரும்பு கொண்டு வர ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவள் கையில் கடையாணி.



பையில் போட்டு, பொத்தானும் போட்டு, பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

"அங்க நெருப்புக்கிட்ட நிக்கிறது யாரு?" என்று கேட்டாள். என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

"நம்ம... அவன்தான்."

"அவன்னா?"

"மாப்பிள்ளை."

அவள் கடையாணியை என் கையில் வைத்து அழுத்தினாள். "போங்க."

சைக்கிளை மிதிக்கும்போது என் மண்டைக்குள் கணக்கு ஓடியது. ஐந்து ஐம்பதுக்கு நீராவி ஏறியிருக்கும். ஆறு மணிக்குக் கொப்பரைக்குத் திறந்துவிட்டிருப்பான். பாய்லர் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும். பம்பு இரண்டு தட்டோடு நின்றிருக்கும். அவன் பம்பைத் தட்டிப் பார்த்து நேரத்தைப் போக்கியிருப்பான். புதுசு. கடைசியில் நெருப்பை வெளியே இழுக்க வேண்டும் என்று புத்தி வந்திருக்கும். காய்ந்த பாய்லர் வெடிக்கும்போது பாய்லர்காரன் எங்கே நிற்பான்? நெருப்புக் கதவுக்கு நேர் முன்னால். கையில் துரட்டியோடு.

என் பெண் தாலியை நானே அறுக்கிறேன், நானே அறுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

மணி ஏழு பதினெட்டு. ஃபேக்டரி மதில் தெரிந்தது. கட்டடம் நின்றுகொண்டிருந்தது. உயிர் வந்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...... டக்.

ரெட்டை ஓடிக்கொண்டிருந்தது.

சைக்கிளைப் போட்டேன். கையைத் திறந்து பார்த்தேன். கடையாணி என் உள்ளங்கையில் இருந்தது. மறுபடியும் காதைக் கொடுத்தேன்.

டக்... டக்... டக்...... டக்.

மூன்றாவது தட்டுக்கு அப்புறம் ஒரு தாமதம். யந்திரம் அப்படித் தாமதிக்காது. களைத்துப்போன ஆள்தான் அப்படித் தாமதிப்பான்.

பம்பு ரூம் வாசலில் போய் நின்றேன். உள்ளே நீராவிப் புகை. விளக்கு மங்கலாக எரிந்தது. அந்த வாடை. ஈரச் சாக்கு தீய்கிற வாடை. இப்போது மூக்கைப் பிடுங்கியது.

குனிந்து பார்த்தேன்.

கடையாணி போட வேண்டிய துளை காலியாக இருந்தது. லிவர் ஒரு பக்கம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது, எதையும் பிடிக்காமல். இடது சிலிண்டர் ஓடியது. நின்றது.

வலதின் வால்வுத் தண்டு தானாக உள்ளே போனது.

வலது ஓடியது.

தண்டு தானாக வெளியே வந்தது.

உள்ளே போகும்போது ஒரு சின்ன நடுக்கம். கை நடுங்குமே... அந்த நடுக்கம்.

அங்கே யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை.

கை நீட்டிக் கடையாணியைப் போடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பம்பை நிறுத்தினால்தான் போட முடியும். நிறுத்தவும், போடவும், கிளப்பவும் ஐந்து நிமிஷம். கை நீளவில்லை. எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

பாய்லர் பக்கம் ஓடினேன்.

"மாப்பிள்ளை!"

அவன் திரும்பினான். கையில் மண்வாரி. என்னைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். பம்பு ரூமைப் பார்த்தான்.

"நீங்க... எப்ப வெளிய வந்தீங்க?"

"ஏன்?"

"அங்கதானே திரும்ப வந்து நின்னுக்கிட்டு இருந்தீங்க. ஆறு மணியில இருந்து. முதுகைக் காட்டிக்கிட்டு. தலையில ஈரச் சாக்கைப் போட்டுக்கிட்டு."

பம்பு ரூம் பக்கம் நான் திரும்பவே இல்லை.

"தண்ணி எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"இறங்கிக்கிட்டே இருக்கு. பம்பு ரொம்ப மெதுவா ஓடுது. உங்ககிட்ட கேட்கலாம்னா... பேச்சு இல்லையேன்னு..."

பாய்லரில் தண்ணீர் அளவு காட்டுகிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் அடி நட்டுக்கு இரண்டு விரல் மேலே.

"நெருப்பை இழு. எல்லாத்தையும் வெளிய இழு. கேள்வி கேட்காதே."

அவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் துரட்டியை எடுத்தோம். கதவைத் திறந்து கனலை வெளியே இழுத்தோம். அவன் இழுக்க, நான் வாரி ஒதுக்க, நான் இழுக்க, அவன் ஒதுக்க. முகம் வெந்தது. பின்னால் சத்தம் மட்டும்.

டக்... டக்...... டக்......... டக்.

இன்னும் மெதுவாக.

ஏழு முப்பதுக்கு அது கேட்டது.

பம்பு ரூமிலிருந்து ஒரு குரல். வறண்ட குரல்.

"முடிஞ்சுதா?"

மாப்பிள்ளையின் துரட்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என் வாய் மூடியிருக்கிறது.

"இது... இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றான். "நீங்கதான் கேட்கிறீங்கன்னு... கோபத்துல நான் பதில் சொல்லலை."

"இழு" என்றேன்.

இழுத்தோம்.

டக்......... டக்............ டக்.

"முடிஞ்சுதா?"

இன்னும் மூலையில் கொஞ்சம் கனல்.

டக்...............

இழுத்தோம்.

டக்.

கடைசிக் கரி வெளியே வந்து விழுந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பது.

"முடிஞ்சுதா?"

இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. கெஞ்சலாக இருந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. என் குரல்தான். கத்தினேன்.

"முடிஞ்சுது!"

நின்றது.

பிரஷர் மீட்டரில் நீராவி இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பம்பு இன்னும் ஓட வேண்டும். ஆனால் நின்றது. அடுத்த நொடி ஒரு நீளமான மூச்சு... சுமையை இறக்கி வைத்தவன் விடுவது போல...

அப்புறம் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு விரல் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு விரல்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இல்லை, பொய் எதற்கு, நான்தான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். வால்வுத் தண்டுக்குக் கீழே தரையில் சாக்கு கிடந்தது. கிளம்பும் முன் அதைக் கரிக் குவியல் மேல் எறிந்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது வெளிப்பக்கம் ஈரம். புரட்டிப் பார்த்தேன். உள்பக்கம் தீய்ந்து கருகியிருந்தது.

எட்டு மணிக்கு கேட்டுக்கு வந்தோம். வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் நேராகச் சண்டைக்கே போனேன்.

"யோவ், சாக்கை நனைச்சு வைக்கிறது நீங்கதானே?"

"நான் அந்த ரூமுக்குள்ள கால் வச்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"ஏழு நாற்பது."

அவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னிக்கும் ஏழு நாற்பதுதான்" என்றார். "பம்புக்கு எண்ணெய் விடுறவர் ஒருத்தர் இருந்தாரு. அன்னிக்கு ரெட்டையில கடையாணி இல்லை. பம்பு நின்னு போச்சு, பாய்லர்ல தண்ணி இறங்கிடுச்சு. அவரு வால்வுத் தண்டைக் கையால பிடிச்சு ஆட்ட ஆரம்பிச்சாரு. பக்கத்துலயே நீராவி பீய்ச்சி அடிக்குது. ஈரச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, அந்தக் கையை எடுக்கவே இல்லை. எடுத்தா தண்ணி நின்னுடும். பாய்லர்காரன் நெருப்பை இழுத்து முடிக்கணும். 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"அவன் என்ன சொன்னான்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலை. புகையில தொண்டை அடைச்சிருந்துச்சு. கையும் ஒழியலை. முடிச்சிட்டு அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டான். ஏழு நாற்பதுக்கு முடிச்சான். சொல்ல ஓடினான். அவரு நின்ன வாக்கிலேயே..." நிறுத்திக்கொண்டார். "தண்டை விட்டு அந்த விரல்களைப் பிரிக்கிறதுக்கு மூணு பேர் வேண்டியிருந்துச்சு."

"அந்தப் பாய்லர்காரன் பிழைச்சானா?" என்றேன்.

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார்.

"பிழைச்சேன்."



"இதை மத்தியானமே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? உங்களைப் பார்த்தாலே தெரியுது."

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அந்தக் கடையாணி எங்க போச்சு?"

"மத்தியானம் ஒரு ஃபிட்டர் வந்து கழட்டினான். யாரையும் நம்ப மாட்டான். சட்டைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். எடுத்துக்கிட்டு ஓடி வந்தான், ஏழு ஐம்பதுக்கு."

என் உள்ளங்கையில் கடையாணி இன்னும் இருந்தது. அழுத்திப் பிடித்ததில் அதன் தடம் பதிந்திருந்தது.

அன்று ராத்திரி மாப்பிள்ளையும் என் பெண்ணும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். யார் கூப்பிட்டது என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை கடையாணியைப் போட்டேன். சாக்கு காய்ந்திருந்தது. அப்புறம் அது நனையவே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னான். ஆனால் அதோடு தீர்ந்துபோயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். எதையும் நான் அப்படி நம்பிவிடுவதில்லை. அன்றிலிருந்து எந்த வேலையைத் தொட்டாலும், முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். குழாய் மாட்டினாலும் சரி, கட்டிலுக்கு ஆணி அடித்தாலும் சரி. பேரன் சிரிப்பான். சிரிக்கட்டும். ஒரு தடவை சொல்ல மறந்துவிட்டு எழுந்தேன்... முதுகுப் பக்கம் அந்த வாடை வந்தது.

இதை எழுத மூன்று சாயங்காலம் பிடித்தது. இப்போது மணி ஏழு முப்பத்தொன்பது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முடிஞ்சுது.